பெரியப்பா வாங்கப்போகும் 'ஜங்கிள் கார்பைன்' முழு அசல்தானா?

செந்தூலிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பா பெர்த்தில் குடியேறியவர், அங்கே முறையாக லைசென்ஸ் வைத்திருக்கும் சேகரிப்பாளர். தாத்தா மலாயா அவசரகாலத்தில் (1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்டு கெரில்லாக்களோடு நடந்த மோதலில்) சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர். அவர் நினைவாக ஒரு லீ-என்ஃபீல்டு, அதாவது அந்தக் காலத்து பிரிட்டிஷ் படை ரைஃபிள், வாங்க வேண்டும் என்பது பெரியப்பாவின் ஆசை. "மலாயாவில் பயன்பட்ட ஜங்கிள் கார்பைன், எண்கள் எல்லாம் பொருந்தும், முழு அசல்" என்று சொல்லி ஒருவர் லீ-என்ஃபீல்டின் குட்டை வகை ஒன்றை விற்கிறார். பதினொரு படங்கள் வந்திருக்கின்றன. தாத்தா துப்பாக்கியோடு நிற்கும் 1951-ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்றும் கூடவே இருக்கிறது. கேள்வியின் கடைசி வரி இது: தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு போல்ட்டும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் துப்பாக்கிப் பாகம்), ஐந்து தோட்டாக்கள் கோத்த கிளிப் ஒன்றும் கிடைத்தன, தீபாவளிக்கு வரும் பெரியப்பாவிடம் அவற்றைக் கொடுத்தனுப்பலாமா?

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கொடுத்தனுப்பாதீர்கள். கையில் எடுத்துப் பார்ப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் முழுத் துப்பாக்கியை மட்டும் ஆயுதம் என்று சொல்லவில்லை, அதன் பாகத்தையும் சேர்த்தே சொல்கிறது. 1971-ஆம் ஆண்டில் வந்த சுடுகருவிகளுக்கான கூடுதல் தண்டனைச் சட்டத்தில், அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே 14 ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. "தாத்தாவுடையது, பழசு, சுடாது" என்ற விளக்கத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். விமான நிலையப் பெட்டியில் அது அகப்பட்டால் இங்கே பெரியப்பாவுக்கு ஒரு வழக்கு, அங்கே ஆஸ்திரேலியச் சுங்கத்தில் இன்னொரு வழக்கு. அனுமதி இல்லாமல் துப்பாக்கிப் பாகங்களை அந்த நாட்டுக்குள்ளும் கொண்டுபோக முடியாது.

செய்ய வேண்டியது எளிது. பெட்டியை இருந்த இடத்திலேயே மூடி வையுங்கள். பக்கத்து போலீஸ் பாலாய்க்குப் போன் செய்து, காலமான தாத்தாவின் பெட்டியில் இன்னது கிடைத்தது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். நீங்களே காரில் எடுத்துப்போக வேண்டாம், வழியில் ஒரு சாலைத் தடுப்பு இருந்தால் போதும். எழுபது ஆண்டுகளுக்கு மேலான தோட்டாக்களைத் துடைப்பதோ 'பிராசோ' பாலிஷ் போட்டுத் தேய்ப்பதோ கூடாது. ஒரு வழக்கறிஞரிடமும் பேசிவிட்டு நிலையத்துக்குத் தகவல் சொன்னால் இன்னும் நிம்மதி. போல்ட்டை நீங்கள் ஏற்கெனவே படம் எடுத்து அனுப்பிவிட்டீர்கள். அந்தப் படத்தை அழிக்க வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன். படையில் ஆயுதப் பழுது பார்க்கும் ஆர்மரர் வேலை செய்து ஓய்வு பெற்றவன். என் காலத்தில் கையில் புழங்கியது எம்16. லீ-என்ஃபீல்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் எனக்கு முந்தைய தலைமுறை ஆர்மரர்கள். அவர்களிடம் கற்ற முதல் பாடத்தை வைத்துத்தான் இந்தப் படங்களைப் பார்த்தேன்: படையில் மாறியது வேறு, சந்தையில் மாற்றியது வேறு. "அசல்" என்ற சொல்லைக் கேட்டாலே பலர் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். போருக்குப் போன துப்பாக்கி அப்படி இருக்காது. கட்டை உடையும், போல்ட் தேயும், குழல் மாறும். ஆர்மரர் மாற்றிய ஒவ்வொன்றும் அந்தத் துப்பாக்கியின் வாழ்க்கையில் சேர்ந்தது. பணிக்காலம் முடிந்த பிறகு வாங்குபவரை நம்ப வைப்பதற்காகச் செய்த மாற்றம்தான் பொய். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது தாத்தாவின் படம். சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அவர் கையில் இருப்பது ஜங்கிள் கார்பைன் இல்லை.

குழலின் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். மரக்கட்டை வாய் வரைக்கும் ஓடி, மொட்டையான இரும்பு மூக்கில் முடிகிறது. குறிமுள்ளின் இரு பக்கமும் இரண்டு காதுகள் எழுந்து நிற்கின்றன. மூக்குக்குக் கீழே பொத்தான் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது, 1907 மாதிரி நீளக் கத்தியின் வளையம் அதில்தான் மாட்டும். இது எஸ்.எம்.எல்.இ. என்ற பழைய லீ-என்ஃபீல்டு, அதாவது 1907-இல் வந்த மார்க் 3 குடும்பம். ஜங்கிள் கார்பைனில் கட்டை பாதியிலேயே நின்றுவிடும், அதற்குமேல் குழல் வெறுமையாக நீண்டு, சுடும்போது வரும் தீச்சுடரை மறைக்கும் ஒரு கூம்பில் முடியும். மங்கலான படத்தில்கூட இதைக் குழப்பிக்கொள்ள முடியாது. மலாயாவில் அவசரகாலத்தில் இரண்டு வகையும் புழங்கின, அதனால் தாத்தாவிடம் பழைய வகை இருந்ததில் வியப்பில்லை.

பெட்டியிலிருந்த போல்ட்டும் இதையே சொல்கிறது. அதன் தலையில் பக்கவாட்டில் அகலமான ஒரு கொக்கி இருக்கிறது, உடலின் (போல்ட் ஓடும் இரும்புக் கூட்டின்) வலப்பக்க விளிம்பைக் கவ்விக்கொண்டு ஓடுவதற்கானது. அது எஸ்.எம்.எல்.இ. போல்ட். பின்னால் வந்த நம்பர் 4, நம்பர் 5 (இதுதான் ஜங்கிள் கார்பைன்) துப்பாக்கிகளில் தலை சிறியதாக இருக்கும், உடலுக்குள் வெட்டிய காடியில் வழுக்கிப் போகும். கைப்பிடியின் பின்புறத்தில் அடித்திருக்கும் எண், அந்த போல்ட் எந்தத் துப்பாக்கிக்குப் பொருத்தப்பட்டதோ அதன் எண். தாத்தா சுமந்த துப்பாக்கியின் எண்ணாகவே அது இருக்கலாம். படத்தைப் பத்திரமாக வையுங்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

ஆகவே பெரியப்பாவிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அப்பா சுமந்த வகை வேண்டுமா, அவசரகாலத்தின் அடையாளமாகிவிட்ட வகை வேண்டுமா என்பதுதான். இரண்டாவது என்றால் விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்ப்போம்.

'ஜங்கிள் கார்பைன்' என்பது பிரிட்டிஷ் இராணுவம் வைத்த பெயர் இல்லை. ஏட்டில் அது ரைஃபிள் நம்பர் 5 மார்க் 1. நம்பர் 4 ரைஃபிளைக் குறுக்கி, எடை குறைத்துச் செய்தது. நம்பர் 4 ஏறக்குறைய 4.1 கிலோ, இது 3.2 கிலோ. காட்டில் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடப்பவனுக்கு அந்த 900 கிராம் பெரிய விஷயம். 1944 முதல் 1947 வரைதான் செய்தார்கள். செய்தவை இரண்டே இடங்கள்: ஃபசாக்கர்லி அரசுத் தொழிற்சாலையும் பி.எஸ்.ஏ. கம்பெனியின் ஷெர்லி ஆலையும். மொத்தம் சுமார் இரண்டரை லட்சம். பிறகு அமெரிக்க வணிகர்கள் நம்பர் 4-ஐ வாங்கி, வெட்டி, கூம்பு மாட்டி 'ஜங்கிள் கார்பைன்' என்று விற்றார்கள். விற்கும்போது வேட்டைத் துப்பாக்கியாகவே விற்றார்கள், யாரையும் ஏமாற்ற இல்லை. ஆனால் அறுபது ஆண்டுகள் கைமாறிய பிறகு அவற்றில் பல "இராணுவ அசல்" என்று சந்தைக்கு வருகின்றன.

இந்த வரலாறு கையில் இருந்தால் சில பொய்கள் படத்திலேயே உடைந்துவிடும். நம்பர் 5 என்று சொல்லிவிட்டு உடலில் 1942 அல்லது 1943 என்று தேதி இருந்தால் அது வெட்டிய நம்பர் 4. இடப்பக்கத்தில் 'யு.எஸ். ப்ராபர்டி' என்று இருந்தால் அமெரிக்காவில் சாவேஜ் செய்த நம்பர் 4. 'லாங் பிராஞ்ச்' என்று இருந்தால் கனடாவில் செய்தது. குறிபார்க்கும் பின்சட்டத்தில் 800 கஜத்துக்கு மேலே எண்கள் ஏறினால் அது நம்பர் 4-இன் சட்டம், அதில் 1300 வரை இருக்கும். சட்டம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது, அது எளிதில் மாறக்கூடிய பாகம்.

உங்கள் மூன்றாவது படத்தில் உடலின் இடப்பக்கம் தெரிகிறது. நம்பர் 5 மார்க் 1, ஆர்.ஓ.எஃப். (அரசு ஆயுதத் தொழிற்சாலை), அடைப்புக்குறிக்குள் ஃபசாக்கர்லியைக் குறிக்கும் எஃப், பிறகு 1945-இன் ஒரு மாதம், தொடர் எண். எழுத்து மின்பேனாவால் கீறியது போல ஆழமில்லாமல், கொஞ்சம் கோணலாக இருக்கிறது. கோணலைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம், ஃபசாக்கர்லியின் கை அப்படித்தான். அழகான, ஆழமான, அளவெடுத்த எழுத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

எழுத்தை யாரும் கீறலாம். இரும்பைக் குடைந்தெடுத்ததைப் போலியாகச் செய்வது கடினம். எடை குறைக்க நம்பர் 5-இல் பல இடங்களில் உலோகத்தை வழித்திருப்பார்கள். உடலின் பக்கச் சுவர்களில் அது வெளியிலேயே தெரியும். முக்கியமான இடம் மேல்கட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. குழல் உடலோடு சேரும் தடித்த பகுதியில், மேலிருந்து கீழாக, கரண்டியால் எடுத்தது போன்ற வெட்டுகள் இருக்க வேண்டும். வெட்டிய நம்பர் 4-இல் அந்தப் பகுதி முழுசாக, பருத்து இருக்கும். இந்த ஒரு படம் மற்றப் பத்துப் படங்களுக்குச் சமம், உங்களிடம் இருக்கும் பதினொன்றில் அது இல்லை. விற்பவரிடம் கேளுங்கள். முன்பட்டையின் திருகைத் தளர்த்தினால் மேல்கட்டை கழன்று வரும், ஐந்து நிமிட வேலை. "கழற்றினால் மதிப்புப் போய்விடும்" என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து வாயிலிருக்கும் கூம்பு. குறிமுள், கத்தி மாட்டும் இடம், கூம்பு மூன்றும் ஒரே வார்ப்பாக வரும். குறுக்கே அடித்த ஆணிகளால் அதைக் குழலில் இறுக்கியிருப்பார்கள். சந்தைக் கூம்புகள் பெரும்பாலும் சிறு திருகால் நிற்கும். ஒன்பதாவது படத்தில் கூம்பு மேலிருந்து மட்டும் தெரிகிறது. பக்கமும் அடியும் வேண்டும். ஆணியின் தலை தேய்ந்து, சுற்றிலும் ஒரே நிறமாக இருந்தால் நல்லது. புதுக் கறுப்பும், சுத்தியல் பட்ட வெண்மையும் தெரிந்தால் யாரோ சமீபத்தில் கழற்றியிருக்கிறார்கள்.

இனி "எண்கள் எல்லாம் பொருந்தும்" என்ற பேச்சு. ஏழாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். போல்ட்டின் எண் உடலின் எண்ணோடு இலக்கத்துக்கு இலக்கம் பொருந்துகிறது. விற்பவர் இதைத்தான் பெரிதாகச் சொல்கிறார். எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. எண் இருக்கும் இடம் சுற்றியிருக்கும் பரப்பைவிடச் சற்றுப் பள்ளமாக இருக்கிறது. அங்கே மட்டும் இரும்பு பளிச்சென்று இருக்கிறது. பழைய எண்ணை அரத்தால் ராவிவிட்டுப் புது எண் அடித்தால் இப்படித்தான் இருக்கும். எட்டாவது படத்தில் போல்ட் கைப்பிடியின் குமிழ் கெட்டியாக இருக்கிறது. நம்பர் 5-இல் அந்தக் குமிழையும் எடைக்காக உள்ளே குடைந்திருப்பார்கள். ஆக இது நம்பர் 4-இன் போல்ட்.

நம்பர் 4 போல்ட் இருப்பது குற்றமா? இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும், ஆர்மரர் கையில் இருந்ததைப் போட்டுத் துப்பாக்கியை வேலைக்கு அனுப்பியிருக்கலாம். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறையில் பழைய எண்ணை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் புது எண்ணைப் பதிப்போம். பழைய எண் படிக்கக்கூடியதாகவே இருக்கும். மறைப்பதற்கு எங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? ராவி, வழித்து, ஒன்றுமே நடக்காதது போல் அடித்த எண்ணில்தான் எனக்குச் சந்தையின் கை தெரிகிறது. ஒன்று சொல்கிறேன் தம்பி: எண்ணே பொருந்தாத, ஆனால் யாரும் ராவாத போல்ட் இருந்திருந்தால் இந்தத் துப்பாக்கியை நான் இன்னும் மதித்திருப்பேன். பெரியப்பா முன்கட்டையின் அடியில் அடித்த எண்ணையும் கேட்கட்டும். கட்டையில் இருக்கும் எண்ணை மாற்றுவது கடினம், மரத்தைக் கீறினால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதேபோல உடலில் எஃப்.டி.ஆர். என்ற மூன்றெழுத்தும் ஓர் ஆண்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். தொழிற்சாலைக்குத் திரும்பி வந்து முழுப் பழுது பார்க்கப்பட்டது என்று அர்த்தம். புதுக் கட்டை, புதுப் பூச்சு, ஏன் புதுக் குழல்கூட இருக்கலாம். அதன் கறுப்பு வண்ணம் இரும்பின் மேல் பெயிண்ட் அடித்தது போலவே இருக்கும், ஏனென்றால் அது பெயிண்ட்தான். போருக்குப் பிறகு பாஸ்பேட் பூச்சின் மேல் சன்கோரைட் என்ற கறுப்பு வண்ணத்தை அடித்தார்கள். விவரம் தெரியாத சிலர் "யாரோ பெயிண்ட் அடித்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று அதைச் சுரண்டி எடுத்து, அசலை அழித்துவிடுகிறார்கள். பார்க்கவே வேதனை. டி.பி. என்ற இரண்டெழுத்து வேறு கதை. அது பயிற்சி அணிவகுப்புக்கு மட்டும் ஒதுக்கியது, சுடுவதற்கு இல்லை. அந்தக் குறியை யாராவது ராவியிருந்தால் அந்தத் துப்பாக்கியின் பக்கமே போகக் கூடாது.

மரத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், எனக்குப் பிடித்த பகுதி இது. கட்டையும் இரும்பும் சேரும் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், படத்தில் என்றால் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த கட்டை இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். உப்புத்தாள் போட்டு இழைத்த கட்டை இரும்புக்குக் கீழே இறங்கியிருக்கும். ஒருமுறை இறங்கினால் இறங்கியதுதான். கட்டையில் அடித்த சிறு முத்திரைகள் கூர்மையாக இருக்கின்றனவா, கரைந்து போயிருக்கின்றனவா என்பதும் அதே கதையைச் சொல்லும். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பழைய பின்கட்டையைப் பளபளப்பாக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில் உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். என் மேலதிகாரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் நாலு பேர் பழுது பார்த்த முத்திரை இருந்தது, இப்போது உன் கை மட்டும்தான் இருக்கிறது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

உங்கள் ஐந்தாவது படத்தில் முன்கட்டை இரும்புக்குக் கீழே இறங்கித்தான் இருக்கிறது. மேலே பளபளவென்று வார்னிஷ். படையில் கட்டைக்குக் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் தடவுவார்கள், அது மங்கிய ஒளிதான் தரும். எனவே முன்கட்டையை இழைத்திருக்கிறார்கள். முனையில் இரும்பு உறை இருப்பதும் இல்லாததும் இரண்டும் சரியே, முதலில் வந்தவற்றில் வெறும் மரமாகவும் பின்னர் வந்தவற்றில் உறையோடும் இருக்கும். பின்கட்டையின் ரப்பர் பட்டை கல்லைப் போல இறுகி, விளிம்பில் வெடித்திருக்கிறது. அது நல்ல அறிகுறி. எண்பது வயது ரப்பர் அப்படித்தான் இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் அது நேற்றுச் செய்த ரப்பர். ஒன்று, அந்தக் கல் ரப்பரோடு சுட்டால் தோள் வலிக்கும். பெரியப்பாவுக்கு வயதும் ஆகிறது, நினைவில் வைக்கச் சொல்லுங்கள்.

நிலைமைக்கு வருவோம். அசல் என்பது ஒரு கேள்வி, ஆரோக்கியம் என்பது இன்னொரு கேள்வி. ஒன்றுக்கு நல்ல பதில் வந்தால் மற்றதற்கும் வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

குழலுக்குள் பார்க்காமல் எந்தப் பழைய ரைஃபிளுக்கும் விலை பேசக் கூடாது. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் தீப்பற்றும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டதும் அது உப்பாக மாறிக் குழலில் படியும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் சுட்ட பிறகு குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று படையில் விதி வைத்தார்கள். நம் பினாங்குக் கடற்காற்றில் ஒரு நாள் கழுவாமல் வைத்தாலே போதும். அந்த வகையில் மலாயாவில் உண்மையாகவே உழைத்த ஒரு துப்பாக்கியின் குழல் கண்ணாடி போல் இருக்கிறது என்றால், குழல் மாறியிருக்கலாம், கதை மாறியிருக்கலாம், அல்லது யாரோ தவறாமல் கழுவியிருக்கலாம்; கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது புரிகளின் (குழலுக்குள் சுழலாக வெட்டிய காடிகளின்) விளிம்பு கூர்மையாக இருந்து, அடியில் லேசான சாம்பல் நிறம் மட்டும் இருந்தால் கவலையில்லை. கரும்புள்ளிகள் குழிகளாக இறங்கியிருந்தால் விலையை இறக்கச் சொல்லுங்கள். புரிகள் இரண்டே இருந்தாலும் ஐந்து இருந்தாலும் திடுக்கிட வேண்டாம், போர்க்காலத்தில் இரண்டு புரிக் குழல்களையும் போட்டார்கள்.

வாயை மட்டும் தனியாகப் பாருங்கள். துணி கட்டிய கயிற்றைக் குழலுக்குள் விட்டு இழுத்துத்தான் துடைப்போம். கயிற்றைச் சாய்வாக இழுக்கும் பழக்கம் உள்ளவன் கையில் பல ஆண்டுகள் இருந்தால், வாயின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வட்டம் முட்டையாகிவிடும். குழல் முழுக்க நன்றாக இருந்தாலும் அந்த அரை அங்குலம் குண்டைத் திசைதிருப்பிவிடும். நம்பர் 5-இல் கூம்பு மறைப்பதால் இதைப் பார்க்க டார்ச் வேண்டும்.

போல்ட் மாற்றியது என்று தெரிந்த பிறகு, ஹெட்ஸ்பேஸ் பார்க்காமல் ஒரு தோட்டாகூட சுடக் கூடாது. .303 தோட்டாவின் அடியில் தட்டு மாதிரி விளிம்பு இருக்கும். போல்ட் முகத்துக்கும் அந்த விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள வெளி 1.63 மில்லிமீட்டரிலிருந்து 1.88 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் பித்தளைக் கூடு இழுபட்டுக் கிழியும், சூடான வாயு சுடுபவனின் முகத்துக்கு வரும். இதைச் சரிசெய்யத்தான் போல்ட் தலைகளை 0, 1, 2, 3 என்று நீளத்தில் வேறுபடுத்திச் செய்தார்கள். எட்டாவது படத்தில் தலையில் 3 என்று இருக்கிறது, அதுதான் மிக நீளமானது. அதைப் போட்டும் அளவு மிஞ்சினால் அடுத்து மாட்ட எதுவும் இல்லை. பெர்த்தில் தகுதியுள்ள துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் கேஜ் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும், அதுவும் பணம் கொடுப்பதற்கு முன்னால்.

நம்பர் 5 எத்தனை முறை சரிசெய்தாலும் குறி நகர்ந்துகொண்டே இருக்கும் என்ற புகார் அந்தக் காலத்திலேயே உண்டு. உற்பத்தி 1947-இல் நின்றதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். இந்தத் துப்பாக்கி அட்டையில் அங்குமிங்கும் அடித்தால் விற்பவரை அதற்காகக் குறை சொல்ல முடியாது.

"மலாயாவில் பயன்பட்டது" என்பதற்கு விற்பவர் என்ன ஆதாரம் தருகிறார்? படங்களில் எதுவும் இல்லை. வழங்கல் அட்டை, தொடர் எண் எழுதிய பழைய பதிவேடு, அந்த எண்ணோடு சேர்ந்த படையினரின் கடிதம், இப்படி ஏதாவது தாள் இருந்தால் அது ஆதாரம். கட்டையில் கத்தியால் செதுக்கிய 'ஈப்போ 1950' ஆதாரம் ஆகாது, அதை நானும் செதுக்கலாம். தாள் இல்லையென்றால் மலாயா என்ற சொல்லுக்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

ஆக, இதுவரை தெரிந்ததை வைத்து என் கணிப்பு: உடல் உண்மையான நம்பர் 5 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம், மேல்கட்டைக்கு அடியிலுள்ள வெட்டுகளைப் பார்த்ததும் உறுதியாகிவிடும். போல்ட் பின்னால் வந்தது, எண் சந்தையில் அடித்தது. முன்கட்டை இழைத்தது. "முழு அசல்" என்ற விலைக்கு இது தகாது. விற்பவர் போல்ட்டைப் பற்றிய உண்மையை ஒப்புக்கொண்டு விலையை இறக்கினால் வாங்கலாம். ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்க நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கூம்பின் ஆணியையும் குழலையும் பற்றி அவர் சொல்வதையும் நாம்தானே நம்ப வேண்டும்.

அப்பா சுமந்த வகைதான் வேண்டும் என்று பெரியப்பா சொன்னால், அவர் சரியான நாட்டில்தான் இருக்கிறார். நியூ சவுத் வேல்ஸில் லித்கோ தொழிற்சாலை 1912-இல் திறந்து, பல பத்தாண்டுகள் எஸ்.எம்.எல்.இ.யைத்தான் செய்தது. 1941-இல் மலாயாவுக்கு வந்த ஆஸ்திரேலிய 8-வது டிவிஷன் வீரர்கள் தோளில் கொண்டுவந்ததும் இந்த வகைதான். அங்கே நல்லதாகக் கிடைக்கும். பின்கட்டை சொருகும் இரும்பு வளையத்தின் வலப்பக்கத்தில் கிரீடம், அரசர் எழுத்து, தொழிற்சாலை, ஆண்டு, வகை எல்லாம் வரிசையாக இருக்கும். மார்க் 3-க்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் 1916-இல் எளிமையாக்கிய வடிவம். விக்டோரியாவின் வி.ஆர். எழுத்தோடு 1907-க்குப் பிந்தைய ஆண்டு இருந்தால் அது பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையில் கையால் போலி செய்யும் கைபர் கணவாய்ப் பட்டறைகளின் வேலை, அரசி 1901-இலேயே காலமாகிவிட்டார். எழுத்துப் பிழை, திரும்பிப் போன ஆங்கில 'என்' எழுத்து, இவையும் அந்தப் பட்டறைகளின் அடையாளம். அப்படிப்பட்டதைச் சுடவே கூடாது. எஸ்.எம்.எல்.இ.யில் எண் உடலின் முன்வளையம், குழல், போல்ட், மூக்கு, பின்சட்டத்தின் அடி, முன்கட்டை என்று பல இடத்தில் இருக்கும், ஒப்பிட வசதி. லித்கோவின் கோச்வுட் (ஓர் ஆஸ்திரேலிய மரம்) கட்டைகளில் பின்னுதையைத் தாங்க உள்ளே செப்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். மெக்கானிக் கழற்றும்போது அவை இருக்கின்றனவா, மரம் அங்கே நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கட்டும். பின்கட்டை ஆடுகிறதே என்று முன்கட்டையைக் கழற்றாமல் உள்திருகை மட்டும் திருக வேண்டாம். அந்தத் திருகின் சதுர முனை முன்கட்டைக்குள் மாட்டியிருக்கும், திருகினால் மரம் பிளக்கும். நல்ல கட்டைகள் பல இப்படித்தான் போயின.

இன்னொன்று, மேற்கு ஆஸ்திரேலியாவில் 2024-இல் புதிய துப்பாக்கிச் சட்டம் வந்திருக்கிறது. இன்னும் ஒன்றைச் சேர்க்கத் தன் லைசென்ஸ் இடம் கொடுக்கிறதா என்று பெரியப்பா முன்பணம் கட்டுவதற்கு முன் போலீசில் கேட்டுக்கொள்ளட்டும். தீபாவளிக்கு வரும்போது கோலாலம்பூரில் பெர்டானா தாவரவியல் பூங்கா (பழைய தாமான் தாசிக் பெர்டானா) பக்கத்திலிருக்கும் போலீஸ் அருங்காட்சியகத்துக்கு அவரை அழைத்துப் போங்கள், அவசரகாலத்துப் பொருட்களைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: மேல்கட்டை கழற்றிய குழல் அடி, கூம்பின் பக்கமும் கீழும், முன்கட்டை அடியிலுள்ள எண், வாயின் நேர்ப்படம். வந்ததும் எனக்கு அனுப்புங்கள். தாத்தா படத்தின் பின்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை எடுத்து அனுப்புங்கள் தம்பி. 1951 என்ற எழுத்துக்குக் கீழே பென்சிலில் இன்னொரு வரி மங்கலாகத் தெரிகிறது. முதல் எழுத்து எண் மாதிரி இருக்கிறது. போல்ட்டின் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.